பூஜ்யம் எந்தச் சுவரில்

பரஞ்சோதி அண்ணன் எங்கள் கடைக்கு வந்தால் கல்லாவை ஒட்டிய மேசையில்தான் உட்காருவார். மற்ற மேசையெல்லாம் காலியாகக் கிடந்தாலும், அந்த மேசையில் ஆள் இருந்தால் எழுந்து போகும்வரை வாசலிலேயே நிற்பார். எங்கள் கடை கெடா மாநிலத்தில், பீடோங்கில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. சாயங்காலம் வேலை விட்டு வரும் கூட்டத்துக்கு நடுவே ஒரு மனிதர் இப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அங்க உக்காருங்கண்ணே, எல்லா மேசையும் ஒரே கடையோடதுதான்லா" என்பேன். "இருக்கட்டும் மெஹரு" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து பேச்சைப் பிடுங்க முடியாது.

அந்த மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் அவருடைய ஹெல்மெட் உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் அந்த இடம் அவர் தம்பி அழகேசனுடையது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்து, ஒரு தட்டு மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ்தான், வாங்கி இரண்டாகப் பிரித்துக்கொண்டு, தம்பி பேசப் பேச அண்ணன் தலையாட்டிக்கொண்டிருப்பார். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன், என் வீட்டுக்காரர் ஹனீபா பின்னால் தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பார். கல்லாவில் இருப்பவளுக்கு ஊர்க்கதை எல்லாம் காதில் விழும். வேண்டாம் என்றாலும் விழும்.

அண்ணன் பிறந்தது புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். பள்ளிக்கூடம் முடித்ததும் இங்கே பக்கத்தில் உள்ள ஒரு ரப்பர் கம்பெனியில் சேர்ந்தார். முதலில் அச்சு இயந்திரத்தில் வேலை, பிறகு சோதனை அறையில். அன்று போய் உட்கார்ந்தவர் இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். பாலத்துக்கு அடியில், தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில், கருப்பு ரப்பர் கட்டை வைப்பார்களாம். அதைச் செய்கிற கம்பெனி அது. பாலம் என்றால் போட்ட இடத்தில் கிடக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம், வெயிலில் நீளுமாம், மழையில் சுருங்குமாம். நீளும்போது அந்த ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும், சுருங்கும்போது நிமிர்ந்துவிடும். எவ்வளவு சாய்கிறது, சாய்ந்தது ஒழுங்காக நிமிர்கிறதா என்று பார்ப்பதுதான் அண்ணனுடைய வேலை.

இதெல்லாம் எனக்கு விளங்கியது ஒரு குவே லாப்பிஸ் துண்டால்தான். கல்லாப் பக்கம் தட்டில் அடுக்கி வைத்திருப்பேனே, சிவப்பும் வெள்ளையும் அடுக்கடுக்காக இருக்கும் பலகாரம். "நாள் பூரா ரப்பர வச்சிக்கிட்டு அப்படி என்னதான்ணே பண்றீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அண்ணன் ஒரு துண்டைத் தட்டில் வைத்தார். பல்குத்தும் குச்சியால் அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு கீறினார். பிறகு மேலே ஒரு விரலை வைத்து மெல்லப் பக்கவாட்டில் தள்ளினார். கோடு சாய்ந்தது.

"அடி தட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு, அது நகராது. அங்க பூஜ்யம். அதுக்கு மேல ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழ உள்ளத விடக் கொஞ்சம் கூட நகரும். எல்லாத்தையும் கூட்டுனா, மேல் எவ்வளவு தூரம் போச்சுன்னு வந்துடும்."

"கூட்டிக்கிட்டே உக்காந்திருப்பீங்களா?"

"வேணாம். கோடு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு பாத்து, அத உயரத்தோட பெருக்கு. முடிஞ்சது. எங்க கட்டைக்குள்ள இரும்புத் தகடும் அடுக்கியிருக்கும். இரும்பு சாயாது, அத உயரத்துல சேக்கக் கூடாது. ரப்பர் மட்டும்தான் கணக்கு."

விரலை எடுத்தார். பலகாரம் மெதுவாகப் பழையபடி நிமிர்ந்தது. அழகேசன் அதைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டு, "அண்ணே, அடுத்தத எடு, இதுல சோதன முடிஞ்சது" என்றார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

சோதனையில் தேறாத கட்டையை அண்ணன் அப்படியே குப்பையில் போடமாட்டாராம். தன் கையாலேயே நடுவில் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாராம். முதலாளி பார்க்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. இதை அழகேசன்தான் பெருமையாகச் சொல்வார். எனக்கு என்னவோ அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. ஒரு பொருளின் மேல் அவ்வளவு கோபமா என்றுதான் தோன்றியது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் மெர்போக் போகும் வழியில், செம்பனை வெட்டிப் போட்ட நிலத்தில் எழும்பிய ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், அடுத்தடுத்த வீடு. அழகேசனுக்குக் கொத்து வேலை. அவர் முதலில் தன் வீட்டுப் பின்பக்கம் ஒரு சமையல்கட்டு இழுத்துக் கட்டினார். அதன் ஓரமாக ஒரு மாமரமும் நட்டார். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, சந்திரிகா அண்ணி மட்டும்தான். அண்ணிக்குச் சிறுநீரகம் கெட்டு, இரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கால் நடக்கவே வரவில்லை. குளியலறைக்குப் போகவே அழுவார். அப்போதுதான் அழகேசன் தன் வேலையெல்லாம் போட்டுவிட்டு, அண்ணன் வீட்டுப் பின்பக்கம் குளியலறையோடு ஒரு ரூம் எழுப்பினார். அவசரம் அவசரமாகக் கட்டிய ரூம்தான், ஆனால் பெரிய ஜன்னல் வைத்தார். படுத்தபடியே அண்ணிக்குப் பின்சந்தும் மாமரமும் தெரியும்.

ஜன்னல் வைத்த அன்று நான் அண்ணிக்குக் கஞ்சி எடுத்துப் போயிருந்தேன். அழகேசன் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹோஸ் எவ்வளவு வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் இல்லையா, கொத்தனார்களுக்கு அதுதான் மட்டம் பார்க்கும் கருவி. தன் சமையல்கட்டு ஜன்னலின் அடிமட்டம், அண்ணன் ரூம் ஜன்னலின் அடிமட்டம் இரண்டையும் ஒன்றாக்கி, அதே மட்டத்தில் பின்சந்து லைட் கம்பத்திலும் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டார். "நாளைக்கி எவனாச்சும் கோணலா கட்டிட்டேன்னு சொன்னா காட்டணும்லா" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்த ரூமில் அண்ணி ஒரு வருஷம்கூட இருக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த ரூம் சுவருக்கும் தம்பி சமையல்கட்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தை மூடிய தகடு பிய்ந்து ரூமுக்குள் ஒழுகியது. ஒழுகியது அண்ணியின் கட்டில் மேல். அண்ணி போனபிறகு அண்ணன் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறார், அண்ணியின் மருந்து மேசையைக்கூட நகர்த்தியதில்லை. சுவரிலும் வெடிப்பு ஓடியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் தம்பியைக் கூப்பிட்டு, இதை அடைத்துக் கொடு என்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? கம்பெனியிலிருந்து இரும்புத் தகடு இல்லாத ஒரு தனி ரப்பர் துண்டைக் கொண்டுவந்து, தன் சுவருக்கும் தம்பி சுவருக்கும் நடுவில், இரண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டினார். அதன் முகத்தில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மட்டமாக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். தன் சுவரில் கோடு தொடங்கும் இடத்தில், பெயின்டால் ஒரு பூஜ்யம் போட்டார். சுவர் ஏறினாலோ இறங்கினாலோ கோடு சாயும். சாய்வை ரப்பரின் கனத்தோடு பெருக்கினால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கணக்கு அதேதான், குவே லாப்பிஸைப் படுக்கவைத்ததுபோல.

கோடு சாய்ந்தது. தம்பி பக்கத்தில் மேலே ஏறிச் சாய்ந்தது.

ஒரு சாயங்காலம் கடையில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் அண்ணன் தம்பியிடம் சொன்னார்: "உன் சுவரு மேல ஏறுது அழகு. கணக்குப் போட்டுட்டேன்."

அழகேசன் பாதி மீயோடு கரண்டியைக் கீழே வைத்தார். "ஏறுதா?"

"என் பக்கம் பூஜ்யம். அங்கேருந்து உன் பக்கம் ஏறிக்கிட்டே போவுது. மாமரத்து வேரு உன் சமையல்கட்டத் தூக்குது. அதான் தகடு பிஞ்சி சந்திரிகா கட்டில்ல ஒழுகுது."

எனக்குப் பொறுக்கவில்லை. "வீடு எறங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், ஏறுமாண்ணே?" என்றேன்.

"வேரு தார் ரோட்டையே தூக்குது மெஹரு. வீடு என்ன?" அவர் சொன்னதிலும் தப்பில்லை, எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு மேடு உண்டு. தம்பி பக்கம் திரும்பி, "மரத்த வெட்டிடு" என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் கடை முழுக்கக் கேட்டது. தேறாத கட்டையைப் பற்றிப் பேசும் அதே குரல்.

ஒரு மாதம் பொறுத்து அழகேசன் மரத்தை வெட்டினார். காய் பிடித்திருந்த மரம். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணனும் மரம் வெட்டியதற்கு நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி காலையில் வந்து ரொட்டி தின்றுவிட்டுப் போவார், அண்ணன் சாயங்காலம் வருவார். அந்த நாற்காலிக்கு ஹெல்மெட் வந்து சேர்ந்தது.

ஆறேழு வருஷம் இப்படியே ஓடியது. இருவருக்கும் இந்த உலகத்தில் கூடப்பிறந்தது என்று இருந்தது இன்னொருவர் மட்டும்தான். நடுவில் ஒரு கையகலச் சந்து. ஒருவர் குழாயைத் திறந்தால் மற்றவருக்குக் கேட்கும். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காலையில் தம்பியிடம், "அண்ணன் எளச்சிப் போய்ட்டாரு, போய்ப் பாருங்க" என்பேன். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மெஹருக்கா" என்று எழுந்துவிடுவார். சாயங்காலம் அண்ணனிடம், "தம்பி ஒங்கள கேட்டாரு" என்று பொய் சொல்வேன். "அவன் வந்து கேக்கட்டும்" என்பார். கல்லுளிமங்கன்கள்.

மரம் போனபிறகும் கோடு நிமிரவில்லை. வேர் உள்ளே இருக்கிறது, மக்கினால் தம்பி சுவர் இறங்கும், கோடு தானாக நேராகும் என்று அண்ணன் காத்திருந்தார். தினமும் காலையில் பின்கதவைத் திறந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பாராம். "ரப்பருக்கு ஒண்ணும் ஆவல மெஹரு. பழுதில்லாத ரப்பர். பிடிச்சத விட்டா அது வந்துடும்" என்பார். அவர் ரப்பரைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போது கண் அந்த ஹெல்மெட் இருந்த நாற்காலியில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க வேலைக்காரப் பெண்ணை ஒரு சத்தம் போட்டேன்.

இந்த வருஷம் அழகேசனும் அவர் மனைவி பிரேமலாவும் மகளோடு இருக்க ஜொகூருக்குப் போய்விட்டார்கள். கடைசி நாள் காலையில் என்னிடம் சொல்லிக்கொண்டு போனார். வீட்டுச் சாவியை ஒரு தரகரிடம் கொடுத்திருந்தார். கேட்டில் விற்பனைப் பலகை தொங்கியது. லோரி வந்து சாமான் ஏற்றியபோது பரஞ்சோதி அண்ணன் பின்பக்கத்து ரூமில்தான் இருந்திருக்கிறார். "போய் ஒரு வார்த்த பேசுனா என்னண்ணே?" என்று கேட்டேன். "அவன் சுவரு ஏறுச்சுன்னு அவன் ஒத்துக்கல. நான் என்ன பேச?" என்றார்.

லோரி போய் ஒரு மாதம் இருக்கும். அன்று பரஞ்சோதி அண்ணன் சாப்பிட்டு முடித்து, ஒரு குவே லாப்பிஸை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, தின்னாமல் அதன் மேல் ஒரு விரலை வைத்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு குடும்பம் மேசைக்காக நின்றது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கல்லாவை விட்டு எழுந்து போய், "தின்னு முடிச்சாச்சுன்னா எழுந்திருங்கண்ணே" என்று தட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் விரலை எடுக்கவில்லை. பலகாரத்தின் தலை அவர் விரலுக்கடியில் நின்றது, அடி என் தட்டோடு வந்தது. துண்டு சாய்ந்தது.

அண்ணன் என் கையைப் பார்த்தார், பிறகு துண்டைப் பார்த்தார். "இரு" என்றார். "மறுபடி இழு."

"என்னண்ணே விளையாட்டு?"

"இழு மெஹரு."

இழுத்தேன், அதே சாய்வு. அவர் பலகாரத்திலிருந்து விரலை எடுத்தார்.

"விரல நகத்துனாலும் இதே சாய்வு. தட்ட நகத்துனாலும் இதே சாய்வு" என்றார். "எது நகந்துச்சுன்னு கோட்டுக்குத் தெரியாது. எவ்வளவுன்னு மட்டும்தான் தெரியும்."

"அதான் கம்பெனியில தினம் பாக்குறீங்களே?"

"கம்பெனியில அடித்தகட்ட மெசின்ல முடுக்கி வச்சிருப்பாங்க. பூஜ்யம் எங்கன்னு நான் கேட்டதே இல்ல. அது எப்பவும் அங்கதான் இருக்கும்." தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். "வீட்டுல நான் நின்னுக்கிட்டு இருந்த சுவத்துல பூஜ்யத்த எழுதிட்டேன்."

மறுநாள் சாயங்காலம் வந்தவர் உட்காரவில்லை. கல்லா முன்னால் நின்றுகொண்டு, "வெள்ளிக்கெழம கொஞ்சம் வர முடியுமா?" என்று கேட்டார். "ஹோஸ் புடிக்கணும். ஒரு முனைய நான் புடிப்பேன். இன்னொன்னப் புடிக்க ஆளு இல்ல."

வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் இருந்த மனிதருக்கு ஒரு ஹோஸின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. வருகிறேன் என்றேன்.

கெடாவில் வெள்ளிதான் விடுமுறை. ஹனீபா பள்ளிவாசலுக்குப் போனதும் கடையை மூடிவிட்டு நான் அந்தப் பின்சந்துக்குப் போனேன். மாமரம் இருந்த இடத்தில் அடிமரம் மட்டும் இருந்தது. லைட் கம்பத்தில் அழகேசன் போட்ட சிவப்புக் கோடு வெளுத்திருந்தாலும் அழியவில்லை. நான் ஹோஸின் ஒரு முனையைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து, தண்ணீர் கோட்டுக்கு நேரே வரும்வரை ஏற்றி இறக்கினேன். அண்ணன் மறுமுனையைத் தம்பியின் சமையல்கட்டு ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

"சரியா இருக்காண்ணே?"

"ஜன்னலோட அடியில நிக்கிது" என்றார். "கட்டுன அன்னைக்கி இருந்த மாதிரியே. ஒரு மயிரிழை மாறல."

பிறகு தன் ரூம் ஜன்னலுக்குப் போனார். நான் கம்பத்தை விட்டு அசையாமல் நின்றேன். எட்டிப் பார்த்தேன். ஹோஸில் தண்ணீர் ஜன்னலின் அடிமட்டத்துக்கு மேலே ஒரு விரல் அகலம் ஏறி நின்றது. தண்ணீர் ஏறவில்லை, ஜன்னல்தான் இறங்கியிருந்தது. அண்ணன் அதை ஸ்கேல் வைத்து அளந்தார். சந்துக்குப் போய் ரப்பரின் சாய்வை அளந்து பெருக்கிப் பார்த்தார். ரப்பரை ஒட்டுவதற்கு முன்பே இறங்கியிருந்த கொஞ்சத்தைத் தவிர, இரண்டும் ஒன்றாக வந்தது.

"கணக்கு சரிதான் மெஹரு" என்றார். "ஆள்தான் தப்பு."

அடிமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் ஹோஸைச் சுருட்டினேன். அந்த மனிதரைத் தொட்டுத் தேற்ற எனக்கு உரிமை இல்லை, உரிமை உள்ளவர்கள் ஒருத்தர் மண்ணுக்குள்ளும் ஒருத்தர் ஜொகூரிலும் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கடையில் அவர் போனை மேசை மேல் வைத்துக்கொண்டு தொடவே பயந்துகொண்டிருந்தார். நான் என் போனில் அழகேசனை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவர் முன்னால் வைத்தேன். ஒதுங்கிப் போகவில்லை. போயிருந்தால் அவர் பேசாமலே வைத்திருப்பார்.

"மெஹருக்கா, சொல்லுங்க."

"அழகு" என்றார் அண்ணன்.

அந்தப் பக்கம் டீவிச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "சொல்லுண்ணே."

"உன் சுவரு ஏறலடா. என் சுவருதான் எறங்கியிருக்கு."

"தெரியும்ணே."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"நீ அங்க கடையில வச்சி சொன்ன பாரு, அந்த மாசமே. நானும் பிரேமலாவும் ஹோஸ் புடிச்சுப் பாத்துட்டோம்."

"அப்புறம் மரத்த ஏன்டா வெட்டுன?"

"நீ வெட்டச் சொன்ன."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?" அண்ணனின் குரல் உடைந்துவிட்டது. கடையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

"சொன்னா மறுநாளே அந்த ரூம இடிச்சிருப்ப. தப்புன்னு தெரிஞ்சா நீ எதையும் வச்சிருக்க மாட்ட, உன்ன எனக்குத் தெரியாதா? அண்ணி படுத்திருந்த ரூம்ணே அது. அத விட்டா உனக்கு வேற என்ன இருக்கு?" கொஞ்சம் நிறுத்தினார். "அவசரத்துல அடிய ஒழுங்கா போடாம கட்டுனவனும் நான்தானே. அந்தக் கோட்ட அப்பப்ப நானும் வந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மெதுவாத்தான் எறங்குது, ஆபத்து ஒண்ணும் இல்ல."

"அதுக்கு ஏன்டா பேச்ச நிறுத்துன?"

"உன் முன்னாடி உக்காந்தா என் வாய் சும்மா இருக்காதுண்ணே. உனக்குத் தெரியும்ல. அதான் வரல."

அண்ணன் போனின் மேல் கையை வைத்துக்கொண்டார், அது எங்கேயோ ஓடிவிடப்போவதுபோல. "திரும்பி வந்துடுடா" என்றார். "பலகையக் கழட்டிடறேன்."

"வித்தாச்சுண்ணே. போன வாரம்தான் கையெழுத்துப் போட்டேன்."

சாப்பிட்டியா என்று தம்பி கேட்டார். சாப்பிட்டேன் என்றார் அண்ணன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசுபவர்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தீபாவளிக்கு முடிந்தால் வருகிறேன் என்று சொல்லி வைத்தார் அழகேசன். அண்ணன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரூமை அவர் இடிக்கவில்லை. நான் பயந்துகொண்டே இருந்தேன், தினமும் கேட்டேன். "எறங்கட்டும்" என்றார் ஒருநாள். "எனக்காக அவன் அவ்வளவு நாள் காப்பாத்தி வச்சிருந்தது. நான் இடிச்சா நல்லா இருக்காது."

போன மாதம் அந்த வீட்டுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். அமிருல், நஜ்வா என்று ஒரு இளம் மலாய்த் தம்பதி. ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து, நாங்கள் அந்தத் தாமானில் குடிவந்திருக்கிறோம் என்று பேச்சுக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் எப்படி என்று அமிருல் மலாயில் கேட்டான். நல்ல மனிதர், ஏன் என்றேன். சாமான் இறக்கிய அன்றே வேலிக்கு வந்து நின்றுகொண்டு, பேர்கூடக் கேட்காமல், "உங்க சுவரு நல்ல சுவரு, எறங்குறது என் சுவருதான், உங்க பக்கம் ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னாராம். அடுத்த நாள் மறுபடி வந்து, உங்கள் சுவரில் ஒரு சின்ன பூஜ்யம் எழுதிக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டாராம். தன் சுவரில் இருந்ததை அவர் ஏற்கெனவே சுரண்டி எடுத்துவிட்டிருந்தாராம்.

"எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்" என்றாள் நஜ்வா. "ஆனால் அக்கா, பூஜ்யம் என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே? ஒன்றும் இல்லை என்பதை எதற்குச் சுவரில் எழுத வேண்டும்?"

"அங்கே முன்பு இருந்தவர் கொஞ்சம்கூட அசையவில்லை என்று அர்த்தம்" என்றேன். "வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுங்கள்." அவளுக்குப் புரிந்ததா தெரியாது, தலையாட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாவைத் துடைத்தேன்.

அன்று சாயங்காலம் பரஞ்சோதி அண்ணன் வந்தபோது கல்லா பக்கத்து மேசையில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அங்க உக்காருங்கண்ணே என்று நான் இந்த முறை சொல்லவில்லை.